கோல் தட்டிய இடம்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் உன் அத்தானும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் எழுது. மற்றக் கதையெல்லாம் பிறகு. போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நீ பேச ஆரம்பித்தால் பாதியில் யாராவது "ஃபுல் டேங்க் போடுங்க" என்று கத்துகிறார்கள், நீயும் என்னை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பம்ப்புக்கு ஓடிவிடுகிறாய். கடிதம் என்றால் பெட்ரோல் பங்க்கை மூடிவிட்டு ஆற அமரப் படிப்பாய்.

இங்கே ஒரு பஸ் டிப்போ, அதன் பின்சுவரை ஒட்டி ஒரு சலவைக்கடை. வெளுத்துத் தேய்த்த சட்டையில் டீசல் வாடை வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கடைக்காரர் சோப்பை மாற்றினார், ஆளை மாற்றினார், கிணற்றை மட்டும் சந்தேகப்படவில்லை. கடைசியில் ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். டிப்போ மேனேஜரைக் கேட்டால், "எங்க தொட்டி இரும்புக் கோட்டை மேடம், ஒரு சொட்டு வெளிய போகாது" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் வரிசையாகத் துளை போட்டோம். மேல் மண் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. கசிந்த எண்ணெய் நேரே கீழே இறங்கும். நிலத்தடித் தண்ணீரைத் தொட்டதும் அதன் முதுகில் ஏறிக்கொண்டு, தண்ணீர் போகிற பக்கமே தானும் போகும். மூன்றாவது துளையில் குழாய் இறக்கி, கயிற்றில் நீளக் குப்பியைக் கட்டி விட்டு எடுத்தேன். தண்ணீருக்கு மேலே தனியாக ஒரு படலம் நின்றது. மேனேஜர் அதைப் பார்த்தார், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார், கோட்டையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஒரு வேடிக்கை கேள். குழாய் மூடியைத் திறந்ததும் என்னோடு வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். நான் மட்டும் சும்மா நின்றேன். பங்க்கில் வளர்ந்த மூக்கு இல்லையா, அதற்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆவியை அளக்கிற மீட்டர் இருந்ததால் பிழைத்தேன்.

அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை ஒவ்வொரு லாரிக்காரரிடமும் சொல்லியிருப்பார். அவருக்குப் பதிலாக நீ சொல்லு. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா


பிப்ரவரி 20

மண்ணைக் குடைந்து உண்மையை எடுக்கும் மகாராணிக்கு,

அம்மாவின் முழங்கால் மாடிப்படியைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் சமாதானமாகிவிட்டது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். அத்தானைத் தொந்தி போடவிடாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்தேன். பிறகு கல்லாவில் வைத்துக்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் படித்தேன். மூலைவீட்டு டிரைவர், "உங்க அக்கா போலீஸா?" என்று கேட்டார். "மண்ணுக்குப் போலீஸ்" என்றேன். அம்மா அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள், முழங்கால் வலியே காணோம்.

ஆனால் நம் பங்க்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. அப்பா போன பிறகு "பொம்பளை ஒருத்தி பங்க் நடத்துறதாவது" என்று சொன்னவர்களெல்லாம் இப்போது என்னிடம்தான் அளவு சரியாக இருக்கிறது என்று வரிசையில் நிற்கிறார்கள். காலையும் மத்தியானமும் சாயங்காலமும் நானே தொட்டிக்குள் கோலை விட்டு மட்டம் பார்க்கிறேன். அப்பா சொல்வாரே, "அடியைத் தொட்டு டங்னு கேக்கணும், இல்லேன்னா அளவு பொய்" என்று. டங் என்று கேட்காமல் நான் கோலை வெளியே எடுப்பதே இல்லை. கொஞ்ச நாளாகக் கணக்கு லேசாகக் குறைகிறது, வெயிலில் ஆவியாகிறது போல. அதனால் இன்னும் ஓங்கித் தட்டிப் பார்க்கிறேன்.

மாடி வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்திருக்கிறாள். நல்ல பெண், ஆனால் அப்படி ஒரு மூக்கு! நம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். "அக்கா, பெட்ரோல் வாடை வருது" என்கிறாள். பங்க் வீட்டில் மல்லிகைப்பூ வாடையா வரும் என்று கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது.

வேறொன்றும் விசேஷமில்லை. அடுத்த கோட்டையைத் தகர்த்ததும் எழுது.

உன் வாலு


பிப்ரவரி 25

வாலு,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னித்துக்கொள்.

அந்த நர்ஸ் சொன்னதைச் சிரித்துத் தள்ளாதே. நீயும் நானும் அம்மாவும் அந்த வாடையிலேயே இத்தனை வருஷம் மூச்சுவிட்டவர்கள். நம் மூவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்தவளுக்குத்தான் தெரியும். டிப்போவில் நான் நின்ற நிலையை உனக்கு வேடிக்கையாக எழுதினேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அது வேடிக்கையில்லை.

இன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். அம்மாவுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் சுத்தமான கண்ணாடிக் குப்பி வாங்கி, காற்றுக் குமிழி இல்லாமல் தளும்ப நிரப்பி, மூடி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு. தொட்டிக்குக் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லு. என் அலுவலகத்துக்கு அனுப்பாதே. சொந்தக்காரர் விஷயத்தில் நான் கை வைக்கக் கூடாது என்பது விதி.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, சந்தோஷமாகப் படிக்கிறேன்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பங்க்கில் வேலை அதிகம்.

நீ சொன்னதற்காகக் குடிதண்ணீர் வெளியில் வாங்குகிறோம். அம்மாவுக்கு அதன் ருசி பிடிக்கவில்லை, "சப்புன்னு இருக்கு" என்கிறாள். வெயில் இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. பம்ப் ஒன்றில் நம்பர் சரியாகச் சுற்றவில்லை, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. இப்போது என் முகத்தில் கவலை தெரிகிறது என்று புதிதாக ஒரு குற்றச்சாட்டு.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு தொட்டியைத் தோண்டி எடுக்க வேண்டுமென்றால் பங்க்கை எவ்வளவு காலம் மூட வேண்டியிருக்கும்? மூடிய பங்க் மறுபடி திறந்த கதை உண்டா? சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். டிப்போ கதையைப் படித்த ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லு.

வாலு


மார்ச் 24

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் வாடிக்கையாளருக்குச் சொல்லு: முதலில் எண்ணெயை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்டிக்குள் தீப்பிடிக்காத வாயுவை நிரப்பி ஆவியை விரட்ட வேண்டும். பிறகு கிரேன். பிறகு குழியில் நல்ல மண் தட்டுப்படும்வரை கெட்ட மண்ணை அள்ள வேண்டும். அதற்குப் பிறகும் சுற்றிலும் குழாய் இறக்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மாதம் ஆகும், சில சமயம் வருஷம். திறந்த பங்க் உண்டு. திறக்காததும் உண்டு. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லு. கசிவு என்று தெரிந்த உடனே உரிமையாளர் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். டிப்போவில் என்ன நடந்தது தெரியுமா? மேனேஜருக்கு ஒரு வருஷமாகவே தெரிந்திருக்கிறது. சலவைக்காரர் எங்களிடம் வந்தது தெரிந்ததும், அவருக்கு "நல்லெண்ணத்தில்" லாரித் தண்ணீர் அனுப்பி வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார். அந்தத் தண்ணீர் துணிக்குத்தான் போனது. கடைக்காரரின் மனைவி கிணற்றுத் தண்ணீரில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள், வயிற்றில் பிள்ளையோடு.

தொட்டிச் சோதனை செய்தாயா இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 22

வாலு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். வாடிக்கையாளர் கத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா நலமா?

பதில் போடு.

அக்கா


மே 3

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நான் சுகம். மாப்பிள்ளை சுகமா? கண்ணாடி புதிது, ஆனாலும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்.

உன் தங்கையைத் திட்டி ஏதாவது எழுதினாயா? ராத்தூக்கம் இல்லாமல் யோசிக்கிறாள். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பங்க்கை மூடிவிட்டாள். கேட்டால் "பெயிண்ட் அடிக்கறோம்மா" என்கிறாள். சுற்றிலும் தகரம் வைத்து மறைத்திருக்கிறது. எனக்குப் பெயிண்ட் வாடையே வரவில்லை. என் மூக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. தினமும் லாரியில் தண்ணீர் வருகிறது. நமக்கு மட்டுமில்லை, மாடிக்கும் பக்கத்து மூன்று வீட்டுக்கும் இவளே ஏற்பாடு செய்திருக்கிறாள். ஏன்டி என்றால், கிணறு தூர்வாருகிறோம் என்கிறாள். ஊரார் கிணறு தூர்ந்தால் இவளுக்கு என்ன?

நீ பெரியவள். அவளைக் கோபிக்காதே. ஆனால் என்ன ஏது என்று கேள்.

அம்மா


மே 10

வாலு,

அம்மாவின் கடிதம் வந்தது. படித்துவிட்டு மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

பங்க்கை மூடிவிட்டாய், தகரம் வைத்து மறைத்துவிட்டாய், பக்கத்து வீடுகளுக்கு லாரித் தண்ணீர் விடுகிறாய், யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. நீ பெயிண்ட் அடிக்கிறாயா, பூசி மெழுகுகிறாயா? இதே காட்சியை டிப்போவில் பார்த்துவிட்டு வந்தவள் நான். அந்த மேனேஜரை எதிரே உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். உன்னைக் கேட்காமல் விட்டால் அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

இன்று காலை உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதித் தபாலில் போட்டேன். என் பெயர், என் பதவி, நீ எனக்கு யார் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தெருவிலேயே அழுதேன். உன் அத்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். நீ இனிமேல் என்னோடு பேசாவிட்டாலும் சரி. அந்த மூன்று வீட்டில் யாரும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்காதான்


மே 29

என் அக்காவுக்கு,

முதலில் நலம். அம்மா நலம், நர்ஸ் நலம், மூன்று வீட்டாரும் நலம். டாக்டர் எல்லோரையும் பார்த்துவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு யாருமில்லை. இப்போது உட்கார்ந்து படி.

தண்ணீர் முடிவு மார்ச் பாதியிலேயே வந்துவிட்டது. நர்ஸின் மூக்கு பொய் சொல்லவில்லை. அன்றைக்கே நான்கு வீட்டுக்கும் போய், "கிணத்துத் தண்ணியைத் தொடாதீங்க, சோதனை பண்ணிட்டிருக்கோம், அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் தொட்டி கசிகிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன், அக்கா. பங்க்கை மூடினால் நான் யார்? வாடிக்கையாளர் கேட்டார் என்று உனக்கு எழுதினேனே, அந்த வாடிக்கையாளர் நான்தான். உன் பதிலில் சலவைக்காரர் மனைவியைப் பற்றிப் படித்தேன். தொட்டிச் சோதனைக்கு ஆளை வரச்சொன்னேன். அழுத்தம் நிற்கவில்லை, கசிவுதான். மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். ஏப்ரல் மாதத் தொடக்கம் அது. நீ புகார் எழுதுவதற்கு ஒரு மாதம் முந்தி.

உனக்கு ஏன் சொல்லவில்லை? உன் கடிதத்தை ஊருக்கே படித்துக் காட்டியவள் நான்; அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "உங்க அக்கா அனுப்பினாங்களா?" என்பதுதான். இல்லை என்றேன். இரண்டாவது கேள்வி, "தொட்டி ஒழுகறது அக்காவுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன், அது பொய்யாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. உன் கை இதில் பட்டது என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. அதனால் வாயைத் தைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே உனக்கு வந்துவிடும், ஆகவே பெயிண்ட்.

கிரேன் வந்து தொட்டியைத் தூக்கியபோது தெருவே கூடியது. அடியில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு ஓட்டை. எங்கே தெரியுமா? கோல் விடுகிற குழாய்க்கு நேர் கீழே. நம் ஊர் ஆய்வாளர் விரலை வைத்துக் காட்டினார். "வேற எங்கயும் துரு இல்ல. ஒரே இடத்துல தட்டித் தட்டித் தேஞ்சிருக்கு. அடியில ஒரு கனத் தகடு போட்டிருக்கணும், அந்தக் காலத்துல போடாம விட்டுட்டாங்க." அப்பா தட்டினார், நான் தட்டினேன். கணக்கு குறையக் குறைய இன்னும் ஓங்கித் தட்டினேன். சோம்பேறி பங்க்காக இருந்தால் இந்தத் தொட்டி இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும். யோக்கியமாக இருந்தே ஓட்டை போட்டிருக்கிறோம், போ! குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

இப்போதுதான் முக்கியமான விஷயம். தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் கோபம், நியாயமான கோபம். மூலைவீட்டு டிரைவர்தான் எழுந்தார். "இவங்க அக்கா அதே டிபார்ட்மென்ட். நாளைக்கே தண்ணி சுத்தம்னு ஒரு பேப்பர் வரும். நம்ம காதுல பூ வெச்சு அனுப்பிடுவாங்க" என்றார். நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அப்போது ஆய்வாளர் தன் பையிலிருந்து உன் புகாரை எடுத்து, "இதுவும் கோப்புல இருக்கு, படிக்கணும்னா நீங்களே படிங்க" என்று என் கையில் கொடுத்தார்.

படித்தேன். உன் கையெழுத்தை நூறு பேர் முன்னால் சத்தமாகப் படித்தேன். "இந்த நிலையத்தின் உரிமையாளர் என் உடன்பிறந்த தங்கை. ஆகவே இந்த விசாரணையில் நான் கலந்துகொள்ள முடியாது. அதே காரணத்துக்காக இந்த விசாரணை ஒரு நாள்கூடத் தாமதமாகவும் கூடாது." அதோடு காகிதத்தை நீட்டினேன். நர்ஸ் வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

டிரைவர் கோப்பில் உன் புகாரின் தேதியையும் என் மனுவின் தேதியையும் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சி மேல புகார் குடுத்திருக்கு. தங்கச்சி அதுக்கு முன்னாடியே தன் மேல புகார் குடுத்திருக்கு. இது என்ன குடும்பம்டா சாமி!" என்றார். கூட்டம் சிரித்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "என் குடும்பம்" என்றாள்.

நீ என்னைச் சந்தேகப்பட்டாய் என்று கோபப்பட வேண்டும் போலிருந்தது. முயற்சி செய்தேன், வரவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது, அக்கா.

பங்க் எப்போது திறக்கும் என்று தெரியாது. மண் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

வாலு


ஜூலை 14

என் தங்கச்சிக்கு,

உன் அத்தான் நலம், நானும் நலம். அம்மாவை மாடிப்படி பக்கம் விடாதே. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஐந்து தடவை கிழித்துப் போட்டேன். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தால் அழுகை வருகிறது, ஓட்டையைப் பற்றி ஆரம்பித்தால் சிரிப்பு வருகிறது.

கடைசிக் குழாய்த் தண்ணீரிலும் பெட்ரோல் அளவு இறங்கிவிட்டது என்று உங்கள் ஆய்வாளர் அறிக்கையில் எழுதியிருக்கிறார். மூன்று வீட்டில் ஒரு வீட்டுக் கிணறு பிழைத்துவிடும், மற்ற இரண்டுக்கும் இன்னும் கொஞ்ச காலம் லாரிதான். புதுத் தொட்டிக்கு அனுமதி கொடுக்கலாம் என்று அவர் சிபாரிசு செய்திருப்பதையும் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். என் கை அதில் படவில்லை.

நேற்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். எப்படித் துளை போடுவது, எப்படி மாதிரி எடுப்பது, பொய் சொல்கிற உரிமையாளரிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். வகுப்பு முடிகிற நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், எந்த ஓனராவது தானா வந்து, என் தொட்டி ஒழுகுதுன்னு சொல்லியிருக்காங்களா?"

வருஷாவருஷம் யாராவது இதைக் கேட்பார்கள். வருஷாவருஷம் "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். என் தங்கை ஒரு பங்க் நடத்துகிறாள் என்பதையே இந்த அலுவலகத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

நேற்று சொன்னேன். "ஒருத்தங்க வந்தாங்க. யாரும் புகார் குடுக்கறதுக்கு முன்னாடியே, தானா வந்தாங்க. தன் பொழப்பையே பூட்டிட்டு வந்தாங்க."

"அவங்களை உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டாள்.

மேலதிகாரி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"நான் அவங்க அக்கா."

அக்கா